வாங்கலாமா, வேண்டாமா?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

ஆசை யாரை விட்டது? வேகமாக ஓடும் கார் ஒன்றை வாங்க வேண்டும் என்று நகரத்து இளைஞன் கனவு காணலாம். கரிசல் காட்டில் பிறந்த எனக்கு அவ்வளவு பெரிய கனவு வருவதில்லை. என் கனவில் வந்ததெல்லாம் ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள்தான்.

எங்கள் ஊர் இளையரசனேந்தல். காலை ஏழரை மணிப் பேருந்தைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போயிற்று என்று பொருள். எத்தனை நாள் வகுப்பு வாசலில் அசடு வழிய நின்றிருக்கிறேன் என்பதை எங்கள் பேராசிரியர்கள் அறிவார்கள்! ஆகவே இரண்டு கோடை விடுமுறைகளில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து ரூ. 40,000 சேர்த்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கீழத்தெரு அத்தை வீட்டு வண்டி விலைக்கு வருகிறது என்ற செய்தி காதில் விழுந்தது. 1993-இல் மாமா புதிதாக வாங்கிய வண்டி அது. மாமா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கப் பணம் வேண்டும் என்பதால் அத்தை அதை விற்க முன்வந்தார். கேட்ட விலை ரூ. 25,000.

இந்த வண்டியின் பெருமையை அறியாதவர் இருக்கலாம். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான வண்டி இது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் உற்பத்தி நின்றது. சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் எரிபொருள் எரியும். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சுற்றுக்கு ஒரு முறை எரியும். அதனால்தான் 98 சி.சி. எஞ்சினிலிருந்தே 11 குதிரைத் திறன் கிடைத்தது. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதால் புகையும் வந்தது. பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் பிறந்தவை!

கோவில்பட்டியிலிருந்து தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தேன். மீட்டர் 61,240 கிலோமீட்டர் காட்டியது. “அதை நம்பாத தம்பி. கேபிள் அறுந்து எத்தனை வருசமோ! பிரேக் பெடலப் பாரு, கிக்கரைப் பாரு” என்றார் அவர். இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. செயின் வீலின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தன. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது. “ஓடின ஓட்டம் உடம்புல தெரியும்” என்று சிரித்தார்.

பிறகு அத்தையின் அனுமதியோடு எஞ்சின் ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் “50” என்று பொறித்திருந்தது. உள்சுவர் தேய்ந்து, போர் போட்டு, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் மாட்டியிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். என் இயற்பியல் மூளை சும்மா இருக்குமா? விட்டம் 50 மி.மீ., வீச்சு 50 மி.மீ. என்றால் 98.17 சி.சி. விட்டம் 50.5 ஆனால் 100.15 சி.சி. பெயரில் நூறு இருந்த வண்டி, தேய்ந்த பிறகுதான் உண்மையில் நூறாகியிருக்கிறது!

அடுத்தது காகிதம். சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போயின. ஆனால் பதிவு 2023-இல் முடிந்திருந்தது. இருபது ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ. 2,000 ஆகியிருந்தது. ஆர்.சி.யோ மாமா பெயரில் இருந்தது. முதலில் படிவம் 31 எழுதி அத்தை பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே மற்றவருக்கு விற்க முடியும்.

தெருமுனைக்கு வந்ததும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “பதினைஞ்சாயிரம் செலவு பண்ணுனா வண்டி புதுசு மாதிரி ஆயிரும். சென்னை, கோயம்புத்தூர்ல லட்சம்கூடக் கொடுப்பான். இங்க யாருக்குத் தெரியப்போகுது? இன்னும் குறைச்சுக் கேளு.”

இருபத்தைந்தும் பதினைந்தும் நாற்பது. என் கையிலிருப்பதும் நாற்பது. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துமா? அன்றிரவு தூக்கம் வரவில்லை. குறைகளை அடுக்கி விலையைக் குறைக்க எனக்குக் காரணங்கள் இருந்தன; ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நான் சொல்லப்போவது பாதி உண்மைதானே? குறைகளைச் சொல்லும் வாய், மதிப்பைச் சொல்லாமல் மூடிக்கொள்ளும் அல்லவா?

அம்மாவிடம் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து களைத்து வந்திருந்தவள், “அவ விலை தெரியாமச் சொல்லுதா. நீ தெரிஞ்சிக்கிட்டு வாங்குத. அவ்வளவுதான் வித்தியாசம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேய்மானத்தையும் சொன்னேன், விலையையும் சொன்னேன். அத்தை வெகுநேரம் பேசவில்லை. “பேசாம வாங்கிட்டுப் போயிருக்கலாமே மருமகனே?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

படிவங்களை நானே எழுதிக் கொடுத்தேன். குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய் வண்டியை ஆய்வுக்குக் காட்டி வந்தோம். பதிவும் காப்பீடும் சரியாயின. மதுரையிலிருந்து வந்த ஒருவர் ரூ. 70,000 கொடுத்து எடுத்துக்கொண்டார். அத்தை மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் அத்தை சாவியை நீட்டி, “ஒரு தடவை ஓட்டிட்டு வா” என்றார். கண்மாய்க்கரை வரை போய்த் திரும்பினேன். அந்தச் சத்தமும், திருகியவுடன் பாயும் அந்த வேகமும்! நான் வருத்தப்படவே இல்லை என்று எழுதினால் அது இந்த மலருக்குச் செய்யும் துரோகம். வருத்தம் இருக்கிறது. திரும்பி வந்து நிறுத்தியபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். மாமா வண்டிச் சத்தம் கேட்டால் அப்படித்தான் வந்து நிற்பாராம்.

நாற்பதாயிரம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. நானோ, இன்றும் ஏழரை மணிப் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். முதல் வகுப்புப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க!