படிப்ஸ், விஞ்ஞானி மற்றும் ஒரு பி.வி.சி. வாள்

எங்க ஊர்ல ஒருத்தனைத் திட்டறதுக்கு "விஞ்ஞானி"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. முட்டாள்னு சொன்னாக்கூட பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசலாம். "வாப்பா விஞ்ஞானி"ன்னு சொன்னா என்ன பண்றது? சிரிச்சுட்டு நகர வேண்டியதுதான். ரேடியோவைப் பிரிச்சுப் பார்த்தவன், கரூர் பஸ் டைம், காங்கேயம் பஸ் டைம் எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கிறவன், நூலகத்துல கடைசி ஆளா எந்திரிக்கிறவன், எல்லாருக்கும் இதே பட்டம்தான். பட்டமளிப்பு விழா டீக்கடையில நடக்கும். அங்கி, தொப்பி எல்லாம் கிடையாது :-)

இங்கிலீஷ்காரங்க இதுக்கு கீக், நெர்டுன்னு ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க. 2007-ல் ஆரம்பிச்சு 2019 வரைக்கும் ஓடின 'தி பிக் பேங் தியரி' சீரியல் பார்த்தவங்களுக்கு உருவம் உடனே கண் முன்னாடி வரும். காமிக்ஸ் படிப்பான், பொண்ணுங்ககிட்ட பேசத் தெரியாது, ஜோக் சொன்னா அவனைத் தவிர யாருக்கும் புரியாது. நம்ம சினிமாவுல அதே ஆளுக்கு சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வழியற தலை, கழுத்து வரைக்கும் பட்டன். ஹீரோ பின் பெஞ்சுல உக்காந்து இவனைக் கலாய்ப்பார். கடைசியில ஹீரோவே கலெக்டர் ஆவார். அது தனிக் கதை.

ஆனா நம்ம பக்கம் இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. படிப்ஸ் வேற, விஞ்ஞானி வேற. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காஸ்ட் அக்கவுண்டிங் போட்டா "பையன் உருப்பட்டுருவான்". அதே ரெண்டு மணி வரைக்கும் ஒரு விளையாட்டோட விதிப் புத்தகத்தைப் படிச்சா "பையனுக்கு என்னமோ ஆயிருச்சு, ஒருக்கா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க". முழிக்கிறது ஒண்ணுதான், மூளை வேலை செய்யறது ஒண்ணுதான். "அதுல என்ன வருது?"ங்கிற கேள்விக்குப் பதில் இருந்தா படிப்ஸ், இல்லைன்னா விஞ்ஞானி. பி.காம். படிக்கிறவன்கிற முறையில இந்தக் கணக்கு எனக்கு நல்லாவே புரியுது.

நிற்க. மேட்டருக்கு வருவோம்.

லைவ் ஆக்‌ஷன் ரோல்பிளே, சுருக்கமா லார்ப். கேள்விப்படாதவங்களுக்காக: நாடகம் மாதிரி, ஆனா எழுதி வச்ச வசனம் கிடையாது, பார்க்கிறதுக்குத் தனியா ஆள் கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்துருவாங்க. நீங்க ராஜா, அவன் ஒற்றன், இவன் வைத்தியன். அதுக்கப்புறம் அந்த ஆளா இருந்து பேசணும், நடக்கணும், பேரம் பேசணும், துரோகம் பண்ணணும். என்ன முடிவுன்னு யாருக்கும் தெரியாது.

இதோட வேர் 1974-ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டு வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுல இருக்கு. அது மேசையைச் சுத்தி உக்காந்து இருபது முகப் பகடை உருட்டி ஆடறது. உக்காந்து ஆடினது போதும்னு எந்திரிச்சு ஓடினவங்கதான் லார்ப்காரங்க. 1977-ல் வாஷிங்டன் பக்கம் 'டாகோர்ஹிர்'னு ஒரு கூட்டம் நுரை சுத்தின வாளை வச்சுப் போர் விளையாட ஆரம்பிச்சுது. 1982-ல் இங்கிலாந்துல பெக்ஃபோர்டன் கோட்டையில 'ட்ரெஷர் ட்ராப்'. ஜெர்மனியில 2004-லிருந்து 'மித்தோடியா'ன்னு ஒரு கூடாரத் திருவிழா. ஆயிரக்கணக்கான பேர் கவசம் போட்டுட்டு வருவாங்க.

அவங்க ஊர்லயும் சும்மா விடலை. 1980-களில் அமெரிக்காவுல இந்த விளையாட்டு பிள்ளைங்களைப் பிசாசு வழிபாட்டுக்கு இழுக்குதுன்னு பெரிய பீதியே கிளம்புச்சு. சர்ச்சுல பேசினாங்க, டிவியில பேசினாங்க. ஒரு பிசாசும் வரலை. அன்னிக்கு ஆடின பசங்க இன்னிக்கு நாவல் எழுதறாங்க, சாஃப்ட்வேர் எழுதறாங்க, சினிமா எடுக்கறாங்க.

இதை எங்க அம்முச்சிகிட்ட விளக்கிச் சொன்னேன். "வளந்த ஆம்பளைங்க வேசம் கட்டிட்டு, செத்து செத்து விழுவாங்களா?"ன்னாங்க. ஆமாங்க அம்முச்சின்னேன். "அதையத்தான கண்ணு படுகளத்துல பண்றாங்க"ன்னாங்க.

எனக்கு அப்பதான் உறைச்சுது.

கொங்குல அண்ணன்மார் கதை தெரியாத ஊர் இல்லை. பொன்னர், சங்கர், தங்கச்சி அருக்காணி, தலையூர் காளி, கொம்பன்கிற பன்றி. கலைஞர் நாவலா எழுதினார், 2011-ல் பிரசாந்த் ரெட்டை வேஷத்துல படமா வந்துச்சு. ஆனா அசல் கதை உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியா பாடறது. கனடாக்காரங்க பிரெண்டா பெக் 1960-களின் நடுவுல நமக்குப் பக்கத்து ஓலப்பாளையத்துல தங்கி ஆராய்ச்சி பண்ணாங்க. 1965-ல் இந்தப் பாட்டை முழுசா டேப்புல பதிவு பண்ணி, 1982-ல் 'தி த்ரீ ட்வின்ஸ்'னு புத்தகம் போட்டாங்க. பிற்பாடு அதையே அனிமேஷன் தொடராவும் எடுத்தாங்க. ஒரு ஊர்ப் பாட்டுக்கு வாழ்க்கையையே கொடுத்தவங்களை கீக்குன்னு சொல்லாம வேற யாரைச் சொல்றது?

படுகள ராத்திரி பார்த்தவங்களுக்குத் தெரியும். போர்க் கட்டம் வரும்போது உடுக்கை வேகம் ஏறும். அருள் வந்தவங்க போர்ல செத்த வீரங்களா அப்படியே சாய்வாங்க. தங்கச்சி வந்து தீர்த்தம் தெளிச்சு எழுப்பற வரைக்கும் அசைய மாட்டாங்க. வீரப்பூர்ல மாசித் திருவிழாவுக்குக் கூடற கூட்டம் இதுக்காகத்தான் கூடுது. காலையில அரிசி மில்லுல மூட்டை தூக்கினவர் ராத்திரி சங்கரோட படையில ஒரு வீரன். யாரும் சிரிக்க மாட்டாங்க. கையெடுத்துக் கும்பிடுவாங்க.

அது நம்பிக்கை, லார்ப் விளையாட்டு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை, சொன்னா அம்முச்சியே அடிப்பாங்க. ஆனா "வளந்தவன் இன்னொருத்தனா மாறி நிக்கிறது கேவலம்"னு மட்டும் நம்ம ஊர்க்காரங்க சொல்ல முடியாது. அதைப் பல தலைமுறையா பண்ணிட்டு இருக்கோம்.

இன்னொண்ணு. சித்திரையில கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. காங்கேயம் காளை பொறக்கும்போது செவலையா இருந்து, ஆறு மாசம் வாக்குல நிறம் மாறும்கிறதுல ஆரம்பிச்சு, நெத்தியில சுழி எங்க இருந்தா ராசி, எங்க இருந்தா ஆகாதுன்னு ஒரு பெரியவர் முக்கா மணி நேரம் பேசுவார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், வேகம், புத்தின்னு ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளை நெத்தியிலயே படிக்கிற ஆளுங்க இவங்க. விலை பேசறது துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. ரகசிய மொழி, உள்வட்டம், பரம்பரைப் பட்டியல்... இதுக்கு மேல ஒரு கீக் கூட்டத்துக்கு என்ன வேணும்? ஆனா அவரை யாரும் விஞ்ஞானின்னு கூப்பிட மாட்டாங்க. மாட்டுல காசு வருது பாருங்க.

சரி, எங்க கூட்டத்துக்கு வரேன். நாங்க ஆறு பேர். பூட்டிக் கிடக்கிற ஒரு தறி குடோன்ல ஞாயித்துக்கிழமை மதியம் ஆடுவோம். பி.வி.சி. பைப், அது மேல பார்சல்ல வர்ற நுரை, அது மேல டேப். வாள் ரெடி. தலையில அடிக்கக் கூடாது, கையில பட்டா அந்தக் கையை மடக்கிக்கணும். இருபது முகப் பகடை கிடைக்கலைன்னு தாயக்கட்டையை எடுத்தோம். பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் முதல் தடவையா உபயோகப்பட்டது அங்கதான். ரெண்டு கட்டையையும் உருட்டினா 16 விதமா விழலாம். அதுல தாயம் 2, பன்னிரண்டு 1, மூணு மட்டும் 4. அதனால பூட்டை உடைக்க மூணு போதும், செத்தவனை எழுப்பணும்னா பன்னிரண்டு. வைத்தியனா வந்தவன் பாவம், ஒருத்தரையும் காப்பாத்த முடியலை :-(

என்ன கதை ஆடறதுன்னு முதல்ல சண்டை. ஒருத்தன் அண்ணன்மார்ன்னான். அது சாமி, விளையாட வேண்டாம்னு விட்டுட்டோம். கடைசியில கொடுமணல். சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில இருக்கு. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வருதே, அதே ஊர். 1985-லிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்டினதுல கல்மணி பட்டறை, இரும்பு உலை, தமிழ்-பிராமியில பேர் கீறின பானை ஓடு எல்லாம் கிடைச்சுது. நம்ம படியூர்ல எடுத்த பச்சைக்கல் ரோம் வரைக்கும் போச்சுங்கிறாங்க. மேற்குக் கடற்கரையிலிருந்து கரூருக்குப் போற பழைய வணிகப் பாதையில இருந்த ஊர். கதைக்கு வேற என்ன வேணும்? கல் பட்டறைக்காரன், உப்பு வண்டிக்காரன், யவன வியாபாரி, சுங்கம் வாங்கற ஊர்த் தலைவன், திருடன், கணக்கன். புளியங்கொட்டை கல்மணி, சோழி காசு. விலைப் பட்டியல் போட்டது நான். உப்பு வண்டி வரலைன்னா விலை ஏறும், யவனன் கிளம்பிட்டா மணி விலை சரியும். டிமாண்ட், சப்ளை ரெண்டு வருஷமா படிச்சும் புரியாதது, உப்புக்காக ஒருத்தன் என் சட்டையைப் புடிச்சு உலுக்கினப்ப புரிஞ்சுது.

யாருக்கு என்ன பாத்திரம்கிறதை மட்டும் சீட்டு குலுக்கித்தான் எடுப்போம். பிரச்சனை அங்கதான் வந்துச்சு.

எங்கள்ல ஒருத்தன் அரிசி மில் வீட்டுப் பையன். இன்னொருத்தன் பிளஸ் டூவோட நின்னுட்டு தறி ஓட்டறான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே ஸ்கூல். ஆனா வெளியில தறிக்காரன் மில்காரனை "வாங்க, போங்க"ன்னுதான் கூப்பிடுவான். மில்காரன் "வாடா"ம்பான். யாரும் சொல்லித் தரலை, அப்படியே வந்திருக்கு. ஒரு ஞாயிறு சீட்டுல தறிக்காரனுக்கு ஊர்த் தலைவன் வந்துச்சு, மில்காரனுக்கு உப்பு வண்டி. தலைவன் குடோன் திண்ணையில கால் மேல கால் போட்டு உக்காந்து, "என்னடா, சுங்கம் கட்டாம வண்டி உள்ள போகுது?"ன்னான். மில்காரன் துண்டை இடுப்புல கட்டிட்டு, "பிழை பொறுக்கணுங்க தலைவரே, வழியில மழைங்க"ன்னான். ரெண்டு பேரும் அவ்வளவு நல்லா பண்ணாங்க. நாங்க விளையாட்டை மறந்து பார்த்துட்டு இருந்தோம்.

அதைப் பார்த்த இன்னொருத்தரும் இருந்தார். இடத்துக்குச் சொந்தக்காரங்க வீட்டுப் பெரியவர். பல வாரமா வாளைப் பார்த்திருக்கார், வேஷத்தைப் பார்த்திருக்கார், "என்ன விஞ்ஞானிகளா, யுத்தம் முடிஞ்சுதா?"ன்னு சிரிச்சுட்டுப் போயிருக்கார். அன்னிக்குச் சிரிக்கலை. "வெளையாட்டா இருந்தாலும் ஒரு மொறை வேண்டாமா?"ன்னார். அவ்வளவுதான். அடுத்த வாரம் குடோனுக்கு வேற பூட்டு.

இதை ரொம்ப நாள் யோசிச்சேன். படுகளத்துல யார் எந்த வேலை செய்யணும், யார் முன்னாடி நிக்கணும்னு முறை இருக்கு. அதனால ஊருக்கு உறுத்தலை. எங்க விளையாட்டுல முறை சீட்டுக்குள்ள இருந்துச்சு. குழந்தைத்தனம்னு சிரிச்ச வரைக்கும் எல்லாரும் சௌகரியமாத்தான் இருந்தாங்க. அது குழந்தைத்தனம் மட்டும் இல்லைன்னு தெரிஞ்ச நாள்தான் பூட்டு விழுந்துச்சு.

படிப்ஸ், விஞ்ஞானி, மில் வீட்டுப் பையன், தறிக்காரன். யோசிச்சா இதெல்லாமே பாத்திரம்தான். எழுதினது யாரோ, நடிக்கிறது நாம. சீட்டு குலுக்கவும் இல்லை, பிடிக்கலைன்னா மாத்திக்கவும் முடியாது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன் பொண்ணுங்க முன்னாடி திக்கணும், தறிக்காரன் "வாங்க" சொல்லணும். லார்ப்ல கிடைக்கிற சந்தோஷம் வாள் சுத்தறதுல பாதிதான். மீதிப் பாதி, மூணு மணி நேரத்துக்கு அந்தப் பழைய தாளை மடிச்சுப் பாக்கெட்டுல வைக்கிறதுல இருக்கு.

2024 பிப்ரவரியில முதல் தடவையா சென்னையில காமிக் கான் நடந்துச்சு. நருட்டோவும் ஸ்பைடர்மேனும் வரிசையில நின்ன போட்டோ எல்லாம் பார்த்திருப்பீங்க. நல்ல விஷயம், கீக்குன்னா இப்ப பட்டணத்துல கொஞ்சம் கெத்து. ஆனா அங்க நீங்க யாருன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. வெள்ளகோவில்ல வேஷம் கட்டினா, வேஷத்துக்கு அடியில இருக்கிறவன் யார் வீட்டுப் பையன்னு தெருவுக்கே தெரியும். அதனாலதான் இங்க இது கஷ்டம். அதனாலதான் இங்க இது தேவைங்கிறது என் அபிப்பிராயம்.

வர்ற ஏப்ரலோட காலேஜ் முடியுது. ஒருத்தன் ஆர்ட்டிகிள்ஷிப், ரெண்டு பேர் திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ். ஆறு பேர் சேர்றது இனி கஷ்டம்தான். இப்போதைக்கு ஒரு முருங்கைத் தோட்டத்துல களம் கிடைச்சிருக்கு. தோட்டத்துக்காரர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: பூ உதிரக் கூடாது. மில்காரனும் தறிக்காரனும் ரெண்டு பேரும் வர்றாங்க. வெளியில இன்னும் அதே "வாங்க"தான், அதே "வாடா"தான். ஆனா போன வாரம் மில்காரன் வாய் தவறி "தலைவரே"ன்னு கூப்பிட்டான், அதுவும் பஸ் ஸ்டாண்டுல, நாலு பேர் பார்க்க. தறிக்காரன் திரும்பிப் பார்த்து, "சுங்கம் கட்டியாச்சா?"ன்னான்.

ஏழாவது ஆளுக்கு இடம் இருக்கு. தாயக்கட்டை நாங்க தர்றோம், துண்டு மட்டும் கொண்டு வாங்க. தலைவர்தான் வேணும்னு அடம் பிடிக்கக் கூடாது. போன தடவை எனக்கு வந்தது பொதிக் கழுதை மேய்க்கிறவன் :-)