செடித்தொட்டிக்குள் ஒரு நாடி பார்த்தல்

பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தக் குப்பத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கடல்நீர் ஏறி இறங்காது. கோடையில் ஏரியின் உப்பு கூடிக்கொண்டே போகும். இறால் குஞ்சு உள்ளே வர வழியிருக்காது. அடைத்த மண்ணை எடுக்காமல் வேறு எது செய்தும் பயனில்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. மீன்தொட்டியில் நீர்ச்செடி வளர்க்கும் ஒரு தம்பியின் வீட்டில் எனக்கு அந்தத் தெளிவுதான் நினைவுக்கு வந்தது.

கொளத்தூரில் வாங்கிய செடிகள். ரோட்டாலா தண்டு மெலிந்து, நுனி சிறுத்து நின்றது. இலை ஓரமெல்லாம் முடிமுடியாகக் கறுப்புப் பாசி. "உரத்தைக் கொஞ்சம் கூட்டட்டுமாண்ணே?" என்றார்.

கூட்டுவதற்கு முன் எந்த இலை வாடுகிறது என்று பார்க்க வேண்டும். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி நுனிக்கு அனுப்பும். அதனால் அடி இலை மஞ்சளாகும். சாம்பல்சத்துக் குறையும் அடி இலையில்தான் தெரியும்: ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழும். இரும்பை அப்படி இடம் மாற்றச் செடியால் முடியாது. நுனி இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. கடினநீரில் ஊற்றிய இரும்பே படிந்து, செடிக்கு எட்டாமல் போவதும் உண்டு.

இந்தத் தொட்டியில் இவை எதுவும் இல்லை. துப்பு கொடுத்தது பக்கத்திலேயே வளர்ந்த வாலிஸ்நேரியா. அதே தண்ணீர், அதே உரம், அதே விளக்கு. அது மட்டும் செழித்து நின்றது. அதன் இலையைத் தடவினால் சுண்ணாம்பு நெருடியது. கடினநீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரியைப் பிரித்தெடுக்க வாலிஸ்நேரியாவுக்குத் தெரியும். மிஞ்சும் சுண்ணாம்பு இலைமேல் படிகிறது. ரோட்டாலாவுக்குக் கரைந்த கரியமில வாயுவேதான் வேண்டும். சத்து பற்றாக்குறை என்றால் இரண்டுமே வாடியிருக்கும். ஒன்று மட்டும் வாடுகிறது, அதுவும் வாயுவை நம்பிய செடி வாடுகிறது என்றால், அடைப்பு கரியமில வாயுவில்தான் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரியமில வாயு இருக்கும். சிலிண்டர் வைத்து வளர்ப்பவர்கள் 30 மில்லிகிராம்வரை கொண்டுபோகிறார்கள். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் இந்த வாயு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே நீரோட்டம் படாத மூலையில் செடி பட்டினிதான். அதன் தலைக்குமேல் தம்பி பத்து மணிநேரம் விளக்கு எரித்தார். வெளிச்சம் கூடக் கூடச் செடியின் பசியும் கூடும்; அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்த இலையில் பாசி ஏறிக்கொள்கிறது.

எனவே உரத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. விளக்கை ஆறு மணிநேரமாகக் குறைத்து, வடிகட்டியின் நீர்வாயை ரோட்டாலா பக்கம் திருப்பச் சொன்னேன். பாசி பிடித்த இலை தேறாது, நறுக்கிவிடலாம். பலனைப் புதுத் தளிரில்தான் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

"சிலிண்டரே வாங்கிடட்டுமா?" என்றார். ரோட்டாலாமேல் அத்தனை ஆசை. வாங்கலாம். ஆனால் நிறம் காட்டும் குப்பியையும் சேர்த்து வாங்க வேண்டும்: நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம். அந்த நிறம் மாற ஓரிரு மணிநேரம் பிடிக்கும். அதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், குப்பி பச்சையாகவே இருந்தாலும் வாயுவை நிறுத்திவிட்டுக் காற்றுக் குமிழியைப் போட்டுவிட வேண்டும்.