மிளகு எங்கே விளைந்தது என்று நான் கேட்கவில்லை

தூத்துக்குடியில் பல ஆண்டுகள் கஸ்டம்ஸ் புரோக்கராக இருந்தேன். கொழும்பிலிருந்து வந்த மிளகு கன்டெய்னர்களுக்கு நான் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணம்) போட்டிருக்கிறேன். அவற்றில் சில சரக்குகள் இலங்கையில் விளைந்தவை அல்ல. தெரிந்தும் தாக்கல் செய்தேன்.

இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மிளகுக்கு நம் நாட்டில் 70 சதவீத இறக்குமதி வரி. இலங்கை மிளகு என்று மூலச் சான்றிதழ் இருந்தால், ஆண்டு ஒதுக்கீட்டு அளவு வரை அந்த வரியே இல்லாமல் இறக்கலாம். விளைபொருள் என்பதால் நிபந்தனையும் எளிது: அந்த மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும். வியட்நாம் மிளகைக் கொழும்பில் இறக்கிச் சாக்கு மாற்றினால் அது இலங்கை மிளகு ஆகாது.

ஒருமுறை இறக்குமதியாளர் அனுப்பிய ஆவணங்களோடு வேறொரு தாளும் வந்துவிட்டது. ஹோ சி மின் நகரிலிருந்து கொழும்புக்குப் போன சரக்கின் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) நகல். அதில் இருந்த எடையும் மூட்டைக் கணக்கும் என் கையில் இருந்த சான்றிதழோடு அப்படியே பொருந்தின. நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சான்றிதழை இணைத்து வரிச்சலுகை கோரினேன். முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருக்கின்றன, மற்றது அதிகாரிகள் பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாடிக்கையாளர் விதியை மீறினால் துணை ஆணையருக்கோ உதவி ஆணையருக்கோ தெரிவிப்பது உரிமம் பெற்ற புரோக்கரின் கடமை. அது எனக்கு நன்றாகவே தெரியும். நல்ல கட்சிக்காரரை இழக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

2016இல் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு 2018இல் 400க்கும் கீழே போனது. கொல்லிமலையிலும் கூடலூரிலும் குடகிலும் கொடி வளர்த்தவர்கள் அந்த விலைக்குத்தான் விற்றார்கள். வியட்நாமில் விளைச்சல் பெருகியதும் ஒரு காரணம்தான். அதைக் காட்டி என் பங்கை மறைக்க மாட்டேன். மாத்தளையில் உண்மையாகவே மிளகு விளைவிப்பவருக்கும் நான் கெடுதல் செய்தேன். பொய்ச் சான்றிதழ்கள் புழங்கினால் அவருடைய நேர்மையான சரக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகித் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும்.

மலிவான இறக்குமதியைத் தடுக்க 2017 டிசம்பரில் அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. ஒப்பந்த வரிச்சலுகை கோரும் இறக்குமதிகளுக்கு 2020 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்தன. பொருள் எங்கே, எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே திரட்டி, 5 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். சான்றிதழைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள இனி சட்டத்தில் இடமில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களே, பொருந்தாத தாள் ஒன்று கைக்கு வந்தால் கிழிக்காதீர்கள். சலுகை கோருவதற்கு முன்பே அதை எழுத்தில் அதிகாரியிடம் கொடுங்கள். கட்சிக்காரர் போனால் போகட்டும்.