மலைப்பாதைக்கு ஒரு புதிய மோட்டார் சைக்கிள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர், பதுளை நகரத்துக் கடைகளின் முன்னால் புதிய மோட்டார் சைக்கிள்கள் மறுபடியும் வரிசையாக நிற்கின்றன. ஐந்து வருடங்களாகப் பழையதையே கூடிய விலைக்கு வாங்கி, ஒட்டியும் கட்டியும் ஓடித் திரிந்த எமக்கு அதைப் பார்ப்பதே ஒரு காட்சிதான். அந்த வரிசையில் உயரமான ஒரு வகையும் நிற்கிறது. முன்சில்லு பெரியது. மட்காட் கொக்கு அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினின் அடிப்பாகம் நிலத்திலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும். கல்லிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே செய்தது என்கிறார்கள். இதற்கு அட்வென்சர் பைக் என்று பெயர். துணிகரப் பயணத்துக்கான வண்டி என்று அர்த்தமாம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வருகிற எங்களுக்கு, சம்பளத்துக்குச் செய்கிற துணிகரப் பயணம் அது!

தோட்டங்களில் உள்ள மகளிர் குழுக்களைச் சந்திப்பது எங்கள் வேலை. என்னோடு வேலை செய்யும் இருவர் இந்த உயரமான வகையைத்தான் வாங்குவது என்று நிற்கிறார்கள். எனக்கும் பழைய வண்டியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. ஆகவே சில மாதங்களாக நான் ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டுத் திரிகிறேன். இது வழியில் நிற்காமல் ஓடுமா?

இந்தக் கேள்வி ஏன் பெரிது என்பது எங்கள் பாதையைக் கண்டவர்களுக்கு விளங்கும். பசறையிலிருந்து லுணுகலை போகும் பிரதான வீதி வரைக்கும் பரவாயில்லை. அதிலிருந்து தோட்டத்து டிவிசனுக்குப் பிரிகிற பாதைதான் பாதை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கல் அடுக்கியது. இடையிடையே இரண்டு சில்லுக்கு மட்டும் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாவுக்கு மழைக்காலம். அந்த நாட்களில் கல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று கழுவுண்டு போய்விடும். கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயன்களை மூடியதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்ததும் இதே மழைக்காலத்தில்தான். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். தொலைபேசி எடுக்காத வளைவுகள் பல. அப்படி ஒரு வளைவில் பொழுதுபடுகிற நேரத்தில் வண்டி நின்றால், ஆணுக்கு அது ஒரு கரைச்சல். தனியே வருகிற பெண்ணுக்கு அது வேறு விஷயம். இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. தேயிலை மலைகளில் குளவி கொட்டுவது அடிக்கடி நடப்பது. கொழுந்து பறிக்கிற பெண்கள் பலர் அதனால் இறந்திருக்கிறார்கள். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருக்கும். ஆட்டோ வர அரைமணி எடுக்கும். இரண்டு தடவை நான் குளவி கொட்டிய பெண்களைப் பின்னால் இருத்தி, இன்னொருத்தி பிடித்துக்கொள்ள, மூன்று பேராக வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். சட்டப்படி பிழைதான். ஆனால் அந்த நேரத்தில் வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. புதிய வண்டியிடமும் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி எல்லோருக்கும் முந்தி ஒரு உயரமான வண்டியை வாங்கினாள். எந்தக் கம்பனி என்று இங்கே எழுதவில்லை. ஓடுவதற்கு அருமையான வண்டி. கல்லில் ஏறும்போது கை நோகாது. ஆறாவது வாரத்தில், பனிக்குள் வரும்போது, முன்விளக்கும் மீற்றரும் ஒன்றாக அணைந்தன. எஞ்சினும் நின்றது. தள்ளிக்கொண்டு இரண்டு மைல் வந்தாள். வயரிங்கில் ஒரு இணைப்புக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றார்கள். பிறகு, இல்லை, ஒரு சிறிய மின்பெட்டி பழுது என்றார்கள். அது கொழும்பிலிருந்து வரவேண்டும். வர 23 நாட்கள் எடுத்தது. அந்த 23 நாளும் அவள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தாள். மாதக் கடைசியில் லீசிங் தவணையும் கட்டினாள். உத்தரவாதம் இருந்தபடியால் பாகத்துக்குக் காசு இல்லை, அது உண்மை. ஆனால் 23 நாட்களுக்கு எந்தப் பத்திரத்திலும் உத்தரவாதம் எழுதியிருக்கவில்லை.

புதிய வண்டி என்றால் பழுதே வராது என்ற நினைப்பு எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. புதிய மாதிரி ஒன்றின் முதல் தொகுதியை வாங்குகிறவர்களே கம்பனிக்காக அதைப் பரீட்சித்துப் பார்க்கிறவர்கள் என்பது என் கருத்து. இதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளைக் கொண்ட ரோயல் என்பீல்ட் கம்பனி 2016 மார்ச்சில் ஹிமாலயன் என்ற 411 சிசி வண்டியை வெளியிட்டது. இந்தியாவில் இந்த வகையைச் சாதாரண ஆட்களிடம் கொண்டுவந்து சேர்த்த வண்டி அது. ஆனால் முதல் வருடம் வாங்கியவர்களிடமிருந்து முறைப்பாடுகள் நிறைய வந்தன. 2017இல் கார்புரேட்டரை விட்டு எரிபொருள் உட்செலுத்தும் முறையுடன் அடுத்த மாதிரி வந்தது. அதன் பின்னர் வந்தவற்றை வாங்கி உலகம் சுற்றியவர்கள் பலர். பெயர் ஒன்றுதான். 2016இல் வாங்கியவருக்கும் 2019இல் வாங்கியவருக்கும் கிடைத்த அனுபவம் ஒன்றல்ல.

அதே கம்பனி 2020இல் ஐரோப்பாவிலும் தென்கொரியாவிலும் விற்ற சுமார் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹிமாலயனும் அதில் அடக்கம். குளிர்காலத்தில் அங்கே வீதியில் பனி உறையாமல் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு பிரேக்கின் பாகங்களை அரித்திருக்கிறது. உப்புத் தூவாத இந்தியாவில் அந்தப் பழுது தெரியவே தெரியாது. அடுத்த வருடம், 2021இல், மின்சுருளில் இருந்த ஒரு குறைக்காக மேலும் இரண்டு இலட்சத்து முப்பத்தாறாயிரத்துக்கும் அதிகமான வண்டிகளை அழைத்தார்கள். கம்பனியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பிழையை ஒத்துக்கொண்டு அழைக்கிற கம்பனி, மறைக்கிற கம்பனியை விட எவ்வளவோ மேல். எனக்குப் பிடித்தது உப்புக் கதைதான். சமவெளி வீதியில் நல்ல பெயர் எடுத்த வண்டி, எங்கள் பனியிலும் தூறலிலும் ஏற்றத்திலும் என்ன செய்யும் என்று சமவெளியில் ஓட்டியவரால் சொல்லமுடியாது.

நம்பகமான வண்டி என்றதும் எனக்கு நினைவு வருவது எம்.டி. 90. வன்னியில் இருந்த எவருக்கும் அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு பசறைப் பக்கத்திலிருந்து தர்மபுரத்துக்குப் போய்க் குடியேறிய குடும்பம் எங்களுடையது. நான் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியது அந்தச் செம்மண் ஒழுங்கையில், ஒரு எம்.டி. 90இல்தான். ஜப்பானில் தபால்காரர்கள் கடிதம் கொண்டுபோவதற்கென்று ஹொண்டா கம்பனி செய்த வண்டி அது. அங்கே ஓடி முடிந்து, கப்பலில் வந்து, எங்களிடம் இரண்டாவது ஆயுளைத் தொடங்கியது. அதன் மூத்த சகோதரமான சுப்பர் கப் 1958இல் வந்தது. 2017இல் உலகெங்கும் செய்யப்பட்ட கப் வண்டிகளின் தொகை பத்துக் கோடியைத் தாண்டியதாகக் கம்பனி அறிவித்தது. கிளட்ச் பிடி இல்லை. பழுதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளை யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் மறந்திருக்கமாட்டார்கள். புகையும் நாற்றமும் சொல்லிமுடியாது. ஆனாலும் ஓடின. எந்த மரத்தடியிலும் ஒரு பொடியன் ஒரு குறடும் இரண்டு சாவியுமாக இருப்பான். அவனுக்கு அதன் ஒவ்வொரு ஆணியும் தெரியும். 2009இல் கடைசியாக அதை எங்கே விட்டோம் என்பதை இங்கே எழுதவில்லை.

அந்த வண்டி நிற்காமல் ஓடியதற்கு ஹொண்டா பாதிக் காரணம் என்றால், அந்த மரத்தடிப் பொடியன் மீதிக் காரணம். ஆகவே இந்தமுறை நான் ஷோரூமுக்குப் போக முந்தி பசறைக் கடைத்தெருவுக்குப் போனேன். மூன்று உதிரிப்பாகக் கடைகளில், நான் பார்த்து வைத்திருந்த உயரமான வண்டியின் பெயரைச் சொல்லி ஐந்து சாமான் கேட்டேன். கிளட்ச் கேபிள், பிரேக் பாட், செயின் செட், முன் போர்க்கின் எண்ணெய் சீல், முன்விளக்கு. ஒரு கடையில் பிரேக் பாட் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் "பதுளையில் கேட்டுப் பாருங்க மிஸ்." அதே ஐந்தையும் ஊரில் எல்லோரும் ஓடுகிற சாதாரண 125 சிசி வண்டிக்குக் கேட்டேன். மூன்று கடையிலும் எல்லாம் இருந்தன. ஒரிஜினலா வேறு கம்பனியா என்று தெரிவு செய்யவும் கேட்டார்கள்.

பிறகு கராஜுக்குப் போனேன். பாஸ் அண்ணன் முப்பது வருடமாக மலையில் வண்டி திருத்துகிறவர். "புது வண்டியெல்லாம் நல்ல வண்டிதாம்மா. கார்புரேட்டர்னா கழட்டி பெற்றோல்ல கழுவி மாட்டிருவேன். இப்ப வர்றதுல பம்ப் டாங்கிக்குள்ள இருக்கு, மூளை சீட்டுக்கு அடியில இருக்கு. அதப் பாக்குற மிசின் எங்கிட்ட இல்ல" என்றார். எரிபொருள் உட்செலுத்தும் முறை கெட்டதல்ல. அப்புத்தளைக் குளிரிலும் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும், வெல்லவாயச் சூட்டிலிருந்து மலை உச்சிக்கு ஏறினாலும் தானே காற்றையும் பெற்றோலையும் சரிக்கட்டிக்கொள்ளும், எண்ணெயும் மிச்சம். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து தந்த நாட்களில் அந்த மிச்சத்தின் பெறுமதி தெரிந்தது. ஆனால் பற்றரி அடியோடு இறங்கினால் அந்தப் பம்ப் வேலை செய்யாது. பழைய வண்டியைப் போல இறக்கத்தில் உருட்டிவிட்டு கியரில் போட்டு எழுப்பலாம் என்று நம்பி இருக்கமுடியாது. எனவே பற்றரியை வருடக் கணக்கில் மறந்துவிடக்கூடாது என்பது அவர் சொன்ன முதல் புத்தி. இரண்டாவது, பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் இறங்கவே கூடாது. கியரில் எஞ்சின் பிடித்திருக்கும்போதுதான் பிரேக்கின் பாரம் குறையும். எல்ல – வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்த பிறகு, இறக்கத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் அதிகம் சொல்லத் தேவையில்லை.

உயரத்தையும் சொல்லவேண்டும். இந்த வகையின் இருக்கைகள் 80 சென்றிமீற்றருக்குக் குறைவதில்லை. ஹீரோ கம்பனியின் எக்ஸ்பல்ஸ் 200க்கு 82 வரை. ஐந்தடிப் பெண் அதில் இருந்தால் நுனிக்கால்தான் நிலத்தில் படும். சரிந்த கல்லில் நிறுத்தும்போது நுனிக்கால் போதாது. கடைக்காரர் சமதரையில் இருத்திக் காட்டுவார். வெளியே ஒரு மேட்டில் நிறுத்தி இருந்து பாருங்கள்.

தவணைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. உத்தரவாதம் இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது என்றுதான் எழுதியிருக்கும். எங்கள் ஓட்டத்தில் கிலோமீற்றர்தான் முந்தும். குறித்த கிலோமீற்றரில் கம்பனி சேர்விஸ் செய்யத் தவறினால் உத்தரவாதம் இல்லாமல் போகலாம். பிரேக், கிளட்ச் தட்டு, செயின் போன்ற தேய்கிற சாமான்கள் பெரும்பாலும் அதில் சேராது. மலையில் முதலில் முடிவதும் அவைதான். வன்னியிலும் மட்டக்களப்பிலும் நுண்கடனும் லீசிங்கும் பெண்களை என்ன பாடு படுத்தின என்பதும், 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களை அரசாங்கமே ஏற்கும் நிலை வந்ததும் உங்களுக்குத் தெரியும். வண்டி கராஜில் நின்றாலும் தவணை நிற்காது. ஆகவே பத்திரத்தில் ஒப்பமிடும் முன்னர் நான் மூன்று மாதத் தவணையைத் தனியே ஒதுக்கி வைக்கிறேன்.

என்னுடைய முடிவு, சாதாரண 125தான். அதற்குக் கரடுமுரடுக்கு ஏற்ற ரயர் இரண்டும், எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் ஒரு இரும்புத் தகடும் போடுவதாகப் பாஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார். பின்பக்கப் பற்சில்லை இரண்டு பல் கூட்டினால் ஏற்றத்துக்கு இலகு என்றும் சொல்கிறார். வேகம் குறையும், குறையட்டும். என்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருத்தி பிடிவாதமாக உயரமான வண்டிக்கே முற்பணம் கட்டிவிட்டாள். அவள் பதுளையில் கம்பனி சேர்விஸுக்குப் பக்கத்தில் இருக்கிறாள், அவளுக்கு அது சரியாகவும் வரலாம். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் அந்த உயரமான வகையை ஓடுகிற சகோதரிகள் இருந்தால் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, முதலில் எது பழுதானது, அந்தச் சாமான் வர எத்தனை நாள் எடுத்தது என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.