அறுந்த இணைப்பும் அறாத இணைப்பும்

விரிதாள் ஒன்றைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி, இணைப்புகளைத் தானாகப் புதுப்பிப்பது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பதை அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெரும்பாலோர் கண்டிருப்பார்கள். அதைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பொத்தானை அழுத்திவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அந்தப் பட்டைக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க்கை வெளியிட்டார்கள். அதற்கான தூண்டுதல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் வகுப்பறையில் கிடைத்தது என்று பிரிக்லின் சொல்லியிருக்கிறார். கரும்பலகையில் எழுதிய கணக்கில் ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எல்லா எண்களையும் ஆசிரியர் அழித்து எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ள வேண்டும் என்பதே விரிதாளின் மூல ஆசை. ஒரு தாளுக்குள் அது அழகாக நிறைவேறியது. பிறகு அந்த ஆசை கோப்புகளின் எல்லையைத் தாண்டியது. என் கோப்பின் ஒரு கட்டம், வேறொருவர் பராமரிக்கும் கோப்பின் ஒரு கட்டத்தைச் சுட்டி நிற்கலாம் என்றானது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

இப்படிச் சுட்டி நிற்கும் கட்டத்திற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று முகவரி, எந்தக் கணினி, எந்த அடைவு, எந்தக் கோப்பு, எந்தத் தாள், எந்தக் கட்டம் என்பது. மற்றொன்று கடைசியாகப் பார்த்த மதிப்பு. மூலக்கோப்பு கைக்கு எட்டாதபோது எக்செல் இந்த இரண்டாவதைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது. நம்பாதவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். 2007க்குப் பிந்தைய எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் நகல் ஒன்றை எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே வெளி இணைப்புகளுக்கென்றே தனி அடைவு இருக்கும். ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் அங்கிருந்து கடைசியாக எடுத்துவந்த எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

எனக்கு இது வளையாபதியை நினைவூட்டும். அந்தக் காப்பியம் நம்மிடம் இல்லை. புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்தாண்ட எழுபதை ஒட்டிய செய்யுள்கள் இருக்கின்றன. மூல ஏடு போனபின், எடுத்தாண்டவர் வீட்டில் எஞ்சியவை. ஆனால் புறத்திரட்டைப் படிப்பவர் எவரும் வளையாபதியே கையில் இருப்பதாக மயங்குவதில்லை. விரிதாளின் கட்டம் தான் மேற்கோள் என்பதை முகத்தில் காட்டுவதில்லை. மற்ற எண்களைப் போலவே அதுவும் கறுப்பு எழுத்தில் நிற்கிறது.

எல்லாக் கட்டங்களும் அப்படி அமைதியாக இருந்துவிடுவதில்லை. சம்இஃப், கவுன்ட்இஃப் போன்றவை, மூலக்கோப்பு திறந்திராதபோது கணக்கிட நேர்ந்தால், மதிப்புப் பிழை என்று கூச்சலிடும். இன்டைரக்ட் சுட்டுப் பிழை காட்டும். அலுவலகத்தில் எல்லோரும் இந்தப் பிழைகளைக் கண்டு பதறுவார்கள். நான் அவற்றைக் கண்டால் நிம்மதியடைவேன். கூச்சலிடும் கட்டத்தைத் தேடிப் போக வேண்டியதில்லையே.

முகவரி எவ்வாறு எழுதப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலான நோய்களின் வேர் இருக்கிறது. இரண்டு கோப்புகளும் ஒரே அடைவில் இருந்தால், எக்செல் முழு முகவரியையும் எழுதி வைப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் என்ற அளவில் குறித்துக்கொள்கிறது. எனவே அடைவோடு சேர்த்து இடம் மாற்றினால் இணைப்பு பிழைக்கும்; ஒன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் அறுந்துபோகும். பொதுச் சர்வரில் இருக்கும் கோப்பென்றால் இன்னொரு நுட்பம் உண்டு. அந்தக் கோப்பை அன்றைக்கு எந்த வழியாகத் திறந்தீர்களோ அந்த வழியே முகவரியாகப் பதிவாகும். இசட் டிரைவ் என்று பெயர் சூட்டிய வழியாகத் திறந்திருந்தால் இசட். சர்வரின் பெயரைச் சொல்லித் திறந்திருந்தால் சர்வரின் பெயர். பின்னாளில் நீங்கள் வேறு வழியாகத் திறந்தாலும் முதலில் எழுதியது மாறாது. திறப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோப்புதான். இந்தச் சின்ன வேறுபாடு ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2022 மே மாதம். திருப்பூரில் நூல் விலை எல்லோர் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்த காலம். முந்தைய ஆண்டு நவம்பரில் நூற்பாலைகள் ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றியிருந்தன. ஏப்ரலில் மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரியை நீக்கியும் விலை இறங்கவில்லை. மே மாதம் மேலும் 40 ரூபாய் ஏறியது. பனியன் கம்பெனிகள் இரண்டு நாள் கதவடைப்புச் செய்தன. அந்த நாட்களில் ஒரு கம்பெனியின் முதலாளி என்னை அழைத்தார். அவர்களுடைய காஸ்டிங் ஷீட்களை யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டித் தர வேண்டும் என்றார்.

காஸ்டிங் ஷீட் என்பது அந்தத் தொழிலின் நாடி. நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசியில் பையருக்குச் சொல்ல வேண்டிய விலை. நூல் வரி மட்டும் கொள்முதல் பிரிவு பராமரிக்கும் விலைக் கோப்போடு இணைக்கப்பட்டிருந்தது. ஆலைகள் மாதத் தொடக்கத்தில் விலை அறிவித்ததும் அங்கே மாற்றுவார்கள். மெர்ச்சண்டைசர்களின் தாள்கள் எல்லாம் தாமே மாறிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மே மாத நடுவில் 30,000 டி ஷர்ட்டுக்கு ஒரு பெண் விலை சொல்லி, ஆர்டரும் உறுதியான பிறகு, நூல் வாங்கப் போனபோது தெரிந்தது: கணக்கில் இருந்தது ஏப்ரல் மாத விலை. ஒரு சட்டைக்குக் கழிவு உட்பட ஏறத்தாழ 220 கிராம் நூல். கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்துப் போட்டால் ஒரு சட்டைக்கு 8 ரூபாய் 80 காசு. மொத்தம் 2,64,000 ரூபாய். அந்தத் தொழிலில் ஒரு சட்டைக்கு எட்டு ரூபாய் மிஞ்சினாலே பெரிய விஷயம்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண் அவர். விலையைப் பார்க்காமல் போட்டுவிட்டார் என்று முடிவாகி, வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். சம்பளத்தில் பிடிப்பதா, அனுப்பிவிடுவதா என்பதுதான் பேச்சாக இருந்தது. நான் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றதால் ஒரு நாள் வரவழைத்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “நான் எந்த நம்பரையும் மாத்தலீங்க சார். தினமும் காலைல அப்டேட் குடுத்துட்டுத்தானுங்க ஆரம்பிப்பேன்” என்று மட்டும் சொன்னார்.

டேட்டா பகுதியில் எடிட் லிங்க்ஸ் என்றொரு பெட்டி உண்டு. (இப்போதைய பதிப்புகளில் ஒர்க்புக் லிங்க்ஸ் என்று பக்கவாட்டில் திறக்கிறது.) எந்தெந்த மூலங்களோடு இணைப்பு இருக்கிறது, நிலை என்ன என்பதை அங்கே பார்க்கலாம். அவருடைய கோப்பில் நிலை ‘ஓகே’ என்று வந்தது. பக்கத்து மேசைக்காரரின் கோப்பைத் திறந்தேன். அங்கும் ‘ஓகே’. ஆனால் ஒரே 30ஆம் நம்பர் நூலுக்கு இரண்டு தாள்களிலும் விலை 40 ரூபாய் வேறுபட்டது. பிறகுதான் முகவரிகளை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பக்கத்து மேசைக்காரருடையது இசட் டிரைவ் என்று தொடங்கியது. இவருடையது சர்வரின் பெயரோடு தொடங்கியது.

ஏப்ரலில் கம்பெனியில் சர்வரை மாற்றியிருக்கிறார்கள். கோப்புகள் எல்லாம் புதியதற்குப் போயின. எல்லாக் கணினிகளிலும் இசட் டிரைவைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். பழையதை எதற்கும் இருக்கட்டும் என்று அணைக்காமல் விட்டிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில், யூபிஎஸ் பேட்டரிகளுக்குப் பக்கத்தில், அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பயன்படுத்திய மாதிரித் தாளை அவருக்கு முன்பிருந்த ஒருவர், சர்வரின் பெயர் வழியாகத் திறந்து உருவாக்கியிருக்கிறார். ஆக, இந்தப் பெண் தினமும் காலையில் புதுப்பித்தபோதெல்லாம் கோப்பு ஒழுங்காக மாடிப்படிக்கு அடியில் போய், யாரும் தொடாத ஏப்ரல் விலையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஓப்பன் சோர்ஸை அழுத்தினேன். அதே பெயர், அதே நிறங்கள், அதே வரிசை. கடைசியாகத் திருத்திய தேதி மட்டும் ஏப்ரல்.

அறுந்த இணைப்பைத் தேடிப் போனவனுக்கு அறாத இணைப்பு கிடைத்தது. முதலாளியை அழைத்து, படம் வரைந்து விளக்காமல், இரண்டு மூலக்கோப்புகளையும் அவர் கையாலேயே திறக்கச் சொன்னேன். நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது எர்ரர் காட்டியிருக்கோணுமில்லீங்க?”

“பழைய சர்வர அணைச்சிருந்தா காட்டியிருக்குங்க.”

அன்று மாலையே பழைய சர்வரில் இருந்ததை முழுக்க நகலெடுத்து வைத்துவிட்டு, அதை அணைக்கச் சொன்னோம். முறையான கணினித்துறைக்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆனால் எந்தெந்தக் கோப்புகள் பழைய வீட்டுக்குப் போய் வருகின்றன என்று கண்டறிய எனக்குத் தெரிந்த விரைவான வழி அதுதான். மறுநாள் காலையில் டையிங் ஜாப் ஒர்க் கணக்குப் பார்ப்பவர் முதலில் வந்தார். பிறகு சம்பளப் பிரிவு. மதியத்துக்குள் பதினொரு கோப்புகள். யாரும் புகார் செய்திராத கோப்புகள் அவை. ஒவ்வொன்றிலும் சேஞ்ச் சோர்ஸ் கொடுத்து இசட் டிரைவில் உள்ள கோப்பைக் காட்டியதும் பத்து தீர்ந்தன.

பதினொன்றாவது கோப்பு எல்லா இணைப்பையும் மாற்றிய பிறகும் எச்சரித்துக்கொண்டே இருந்தது. வெளி முகவரிகளில் கோப்பின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் வரும் என்பதால், அந்தக் குறியைச் சூத்திரங்களில் தேடுவது வழக்கம். கட்டங்களில் ஒன்றும் அகப்படவில்லை. வரைபடங்கள், நிபந்தனை வடிவமைப்பு, பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வைக்கும் விதிகள் என்று இணைப்புகள் ஒளிந்துகொள்ளும் இடங்கள் பல. இங்கே ‘நேம் மேனேஜர்’ பட்டியலில் ஒரு பெயர், எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரின் கணினியில் இருந்த கோப்பைச் சுட்டிக்கொண்டு கிடந்தது. எந்தக் கணக்கும் அதைப் பயன்படுத்தவில்லை. அதை நீக்கினேன்.

இதெல்லாம் முடிந்ததும் முதலாளியின் தம்பி, இணைப்பே வேண்டாம், பிரேக் லிங்க் கொடுத்து அறுத்துவிட்டு மாதாமாதம் விலையைக் கையால் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். பிரேக் லிங்க் கொடுத்தால் சூத்திரம் மறைந்து வெறும் எண் நிற்கும். அதைத் திரும்பப் பெறவும் முடியாது. கையால் ஒட்டுவதன் அழகைப் பற்றி, ஜே.பி. மோர்கன் வங்கி 2012இல் லண்டன் வணிகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தபின் 2013இல் வெளியிட்ட தன் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறது. அவர்களுடைய அபாய மதிப்பீடு, எண்களை ஒரு விரிதாளிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டும் முறையில் நடந்துவந்ததாம். இழப்புக்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அபாயம் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய எண் அந்த வழியில்தான் தயாராகியிருக்கிறது. தம்பி கூகுள் ஷீட்ஸுக்கு மாறலாமா என்றும் கேட்டார். அங்கே இம்போர்ட்ரேஞ்ச் கோப்பை அதன் அடையாள எண்ணால் பிடித்துக்கொள்வதால், பெயர் மாற்றினாலும் இடம் மாற்றினாலும் இணைப்பு அறாது. ஆனால் கோப்பை நகலெடுத்து, நகலில் வேலையைத் தொடர்ந்தால், இணைப்பு பழையதையே படித்துக்கொண்டிருக்கும். அது மாடிப்படிக்கு அடியில் பார்த்த அதே நோய்தான்.

நாங்கள் செய்த மாற்றம் சிறியது. விலைக் கோப்பில் விலைக்குப் பக்கத்தில், அதை மாற்றிய தேதிக்கு ஒரு கட்டம் வைத்தோம். காஸ்டிங் ஷீட் விலையோடு அந்தத் தேதியையும் இழுத்து வந்து காட்டும். அது 35 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் கட்டம் சிவப்பாகும். பூட்டுப் போடவில்லை.

பையர் விலையைக் கூட்டித் தரவில்லை. நட்டத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணைத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போவதற்கு முன், எந்தக் கோப்பு எந்தக் கோப்பிலிருந்து எடுக்கிறது, முகவரி என்ன, யார் பொறுப்பு என்று முழுநீளத் தாள் ஒன்றில் எழுதிக் கொள்முதல் பிரிவின் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறார். சென்ற ஆண்டு வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். அவர் எழுதியவற்றுக்குக் கீழே வேறு கையெழுத்துகளில் மேலும் சில வரிகள் சேர்ந்திருந்தன. இரண்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதிய முகவரி எழுதியிருந்தது.