நோகாத நெஞ்சுக்குச் சத்திரசிகிச்சை

என் மகளுக்குப் பதினொரு வயதிலே தொண்டைநோவும், அதன்பின் மூட்டுக்கு மூட்டு மாறும் வீக்கமும் காய்ச்சலும் வந்தன. வளரும் பிள்ளைக்கு வரும் நோவென்று எண்ணி நல்லெண்ணெய் பூசிவிட்டோம். அது வாதக் காய்ச்சல் என்பதும், மூட்டை விட்டு நீங்கும் அந்நோய் இருதய வால்விலே வடுவை வைத்துச் செல்லும் என்பதும் அன்று எமக்குத் தெரியாது.

பல்கலைக்கழக அனுமதிக்கான வைத்தியப் பரிசோதனையின்போது இருதயத்தில் ஓர் இரைச்சல் கேட்டது. மைட்ரல் வால்வு சரிவர மூடாமல் இரத்தத்தைப் பின்னோக்கி விடுகிறது என்றார்கள். உடனே சத்திரசிகிச்சை வேண்டுமென்று நான் நின்றேன். கலியாணம் முடியட்டும் என்றாள் மனைவி. வைத்தியர் இருவர் பேச்சையும் ஏற்கவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை எக்கோ பார்ப்போம். மூன்று வாரத்துக்கொருமுறை பெனிசிலின் ஊசி தவறக்கூடாது என்றார்.

காரணத்தையும் விளக்கினார். இயந்திர வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் வார்பரின் உண்ணவேண்டும். கர்ப்பகாலத்தில் அம்மருந்து கருவை ஊனப்படுத்தக்கூடும். விலங்கின் இழையத்தாலான வால்வோ இளவயதினரில் விரைவிற் கெட்டு, மறுபடியும் நெஞ்சைத் திறக்கவைக்கும். சொந்த வால்வைச் செப்பனிடுவதே மேல்; வாதக் காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய இதழ்களில் அது எப்போதும் கைகூடுவதில்லை. ஆதலால் அவசரம் கூடாது.

மூன்றாம் ஆண்டில் அவர் பேச்சு மாறியது. சுருங்கிய நிலையில் இடக் கீழறையின் விட்டம் 40 மில்லிமீற்றரை எட்டியிருந்தது. அவ்வறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு 60 வீதத்துக்கு இறங்கியிருந்தது. அறுபது போதாதா என்று கேட்டேன். ஒழுகும் வால்வுடைய இருதயத்துக்குப் போதாது. அதிலொரு பங்கு பின்னோக்கியல்லவா போகிறது! இனிப் பொறுத்தால், வால்வு சீரானாலும் தசை பழைய வலுவைப் பெறாமற் போகலாம் என்றார்.

மகளோ மூன்றாம் மாடிக்கு மூச்சிரையாமல் ஏறிவந்தவள். "அப்பா, எனக்கு ஒன்றும் செய்யவில்லையே!" என்றாள். அன்று அவசரப்பட்ட நான்தான் இன்று தவணை கேட்டேன்: இறுதிப் பரீட்சையாவது முடியட்டுமே என்று. "பரீட்சையை அடுத்த வருடமும் எழுதலாம்" என்றாள் மனைவி. மகள் இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே கையொப்பமிட்டாள். அவளுக்கு வயது 22.

அன்று பின்னேரம் வெளியே வந்த சத்திரசிகிச்சை நிபுணர், "மாற்றவில்லை, செப்பனிட்டுவிட்டோம்" என்றார். மனைவி நின்ற இடத்திலேயே இருந்துவிட்டாள்.

மூன்று வார ஊசி இன்னும் நிற்கவில்லை. கலண்டரில் நாளைக் குறிப்பவள் இப்போது மகள்தான்.