பாவாடை நாடாவும் இன்சுலின் பம்பியும்

இலண்டனில் வாழும் என் மகள் குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாள் என்ற செய்தி கிடைத்த நாள்தொட்டு, பேத்திக்குப் பட்டுப்பாவாடை தைப்பதிலேயே என் சிந்தை முழுவதும் சென்றது. பதினொரு வயதுப் பிள்ளை. ஆறாவது வயதில் அவளுக்கு நீரிழிவு கண்டது. என்னைப் போன்ற கிழவிகளுக்கு வருகின்ற நீரிழிவு வேறு, அவளுடையது வேறு. அவளுடைய உடல் தனக்கு வேண்டிய இன்சுலினைச் சுரப்பதில்லை. ஆதலால் அது வெளியிலிருந்தே இடையறாது செல்லவேண்டும்.

முன்னர் நாளொன்றுக்கு நான்கைந்து ஊசி. இப்பொழுது சீட்டுக்கட்டளவான ஒரு பம்பி அவளுடைய இடுப்பில் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலின்கீழ்ச் செருகப்பட்ட சிறு பிளாஸ்டிக் குழலில் முடிகிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்ரர். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை அதனைக் கழற்றி வேறிடத்தில் செருகுவார்கள். மேற்கையில் ஒட்டியுள்ள இன்னொரு கருவி சீனியின் அளவைச் சில நிமிடங்களுக்கொருமுறை பம்பிக்கு அறிவிக்க, அது இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கேடிஷ் என்பவர் செய்த பம்பியை முதுகில் மூட்டைபோலச் சுமக்க வேண்டியிருந்ததாம். அதனை நினைக்க இது பெரிய விந்தைதான்.

எனினும் விந்தைக்கும் நோய் உண்டு என்பதை, அவர்கள் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன். யாழ்ப்பாணத்து வெயிலில் பிளாஸ்ரர் வியர்வைக்கு நில்லாமல் கழன்றது. கிணற்றடியில் குளிக்கும்போது பம்பியைக் கழற்றி வைத்தவள், திரும்பப் பூட்ட மறந்து ஊஞ்சலாடப் போனாள். நானோ என் பங்குக்கு, நன்றாகக் குளிரட்டும் என்று இன்சுலின் குப்பிகளிற் சிலவற்றைக் குளிர்ப்பெட்டியின் ஐஸ் தட்டோடு சேர்த்து வைத்துவிட்டேன். உறைந்த இன்சுலின் உதவாது. அவ்வளவையும் எறிய நேர்ந்தது. போதாதற்குக் கணக்கும் வேறு. என் கருவி 270 என்று காட்டுவதை அவளுடைய கருவி 15 என்று காட்டுகிறது. இரண்டும் ஒரே அளவுதானாம், அலகுதான் வேறாம். பதினைந்தென்று கேட்டு, ‘ஐயோ, பிள்ளைக்குச் சீனி அடியோடு இறங்கிவிட்டதே’ என்று நான் கற்கண்டோடு ஓடிய கதையைச் சொல்லி மருமகன் இன்றும் சிரிக்கிறார்.

சிரிக்க இயலாத கதையொன்றும் உண்டு. அதற்காகவே இதனை எழுதுகிறேன்.

தேர்த் திருவிழாவன்று விடியற்காலையில் அவளுக்கு நானே உடுத்தினேன். உறவினர் யாவரும் வருகின்ற நாள். “பெண்பிள்ளைக்கு இடுப்பிலே இதென்ன பெட்டி?” என்று எவரேனும் கேட்பர், கேட்டது ஊரெல்லாம் பரவும், நாளைக்கு அவளுடைய கலியாணப் பேச்சுவரை அது வந்து நிற்கும் என்றெல்லாம் என் மனம் ஓடியது. ஆகவே பம்பியைப் பாவாடையின் உட்புறமாகத் தள்ளி, வெளியே தெரியாதபடி நாடாவை இறுக்கிக் கட்டினேன். “அம்மம்மா, இறுக்குது,” என்றாள். “கோயிலுக்குப் போய்வந்து அவிழ்க்கலாம்,” என்றேன்.

தேரடியில் பம்பி மணியடித்தது. மேளத்துக்கும் அரோகரா ஒலிக்கும் நடுவே அது எவர் காதில் விழும்? அவள் மட்டும் கேட்டு, துணிக்கு மேலாலேயே பொத்தானை அழுத்தி அடக்கினாள். நாள்தோறும் எத்தனையோ தடவை அடிக்கின்ற மணி. மின்கலம் குறைந்தாலும் அடிக்கும், சீனி ஏறினாலும் அடிக்கும், இறங்கினாலும் அடிக்கும். ஓயாமல் அழும் குழந்தையின் அழுகைக்குத் தாய் பழகிப்போவதைப் போல, அவர்களும் அதற்குப் பழகியிருந்தனர். மகளோ சனநெருக்கத்தில் களவு போய்விடும் என்று தன் கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வீடு திரும்பியதும் பிள்ளை சுருண்டு படுத்தாள். தண்ணீர், தண்ணீர் என்றாள். பின்னர் வாந்தி எடுத்தாள். வெயிலின் வேலை என்று எண்ணித் தேசிக்காய்ச் சாற்றிற் சீனி கரைத்துக் கொண்டுபோனேன். “சீனி போடாதேங்கோ, அம்மம்மா,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் ஓடிவந்து பார்த்தாள். சீனி 21. விரலிற் குத்திக் கீற்றோன் பார்த்தாள், 1.8. மூன்றைக் கடந்தாலும், வாந்தி ஓயாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லி, ஓட்டோவை வாசலில் நிறுத்தச் செய்தாள்.

பிறகுதான் பாவாடையை அவிழ்த்தோம். நாடா உராய்ந்த இடத்தில் வியர்வையில் ஊறிய பிளாஸ்ரர் ஒரு பக்கம் கிளம்பி, குழல் தோலைவிட்டு வெளியே கிடந்தது. துணி ஈரமாயிருந்தது. வியர்வையென்றே நினைத்தேன். மகள் அதை முகர்ந்து என்னிடம் நீட்டினாள்; ஆஸ்பத்திரி மருந்து மணம். சீனி ஏறுவதைக் கண்ட பம்பி, காலை முழுவதும் இன்சுலினைக் கூட்டிக் கூட்டி விட்டிருக்கிறது. விட்டதெல்லாம் பட்டிலே போயிருக்கிறது. குழாய் அடைபட்டால் அது அறிந்து சொல்லும். மருந்து தடையின்றி வெளியே ஒழுகினால், உடலுக்குள்ளேதான் செல்கிறது என்று அது எண்ணிக்கொள்ளும். பம்பியில் இருப்பது விரைவாக வேலை செய்து விரைவாகவே தீர்ந்துபோகும் இன்சுலின். ஆகையால் அது சில மணித்தியாலம் செல்லாவிட்டாலே இரத்தத்தில் கீற்றோன் என்னும் அமிலம் சேரத் தொடங்கிவிடுகிறது.

மகள் பம்பியை நம்பாமல் முதலிற் பேனை ஊசியால் இன்சுலின் ஏற்றினாள். அதன் பின்னரே புதுக்குழலை மறுபக்கத்திற் செருகினாள். மணிக்கொரு தடவை விரலிற் குத்திப் பார்த்தாள். நான் வெறுந்தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். வாந்தி நின்றது. மாலை நான்கு மணிக்குக் கீற்றோன் 0.9, விளக்கு வைக்கும் நேரத்தில் 0.4. ஓட்டோக்காரத் தம்பி அதுவரை வாசலைவிட்டு அசையவில்லை. கூலி கொடுத்தபோது வாங்கவும் மறுத்துவிட்டார்.

நாடாவை இறுக்கியது நான்தான் என்று மகளிடம் சொன்னேன். ஏன் இறுக்கினேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கடினமாயிருந்தது. அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மணியடித்தால் உடுப்பை விலக்கிப் பார்க்கவேணும் என்று நானும் அவளுக்குப் பழக்கவில்லை, அம்மா,” என்றாள். என்னைத் தேற்றினாளோ, உண்மையிலேயே தன்னை நொந்துகொண்டாளோ, அறியேன்.

வருகிற ஆண்டுத் திருவிழாவுக்கு இப்பொழுதே இன்னொரு பாவாடை தைக்கிறேன். இடுப்பில் நாடா இல்லை, நெகிழும் இழைதான். பம்பிக்கு உட்புறம் ஒரு பை வைக்க எண்ணி, அளவு கேட்டு எழுதினேன். பேத்தியே பதில் எழுதினாள்: “பையை வெளிப்பக்கம் வையுங்கோ, அம்மம்மா. அப்பதான் மணி கேக்கும்.”

சிவப்புத் துணியில் வெட்டியிருக்கிறேன்.